பெரிய மருந்துக்கு லாயக்கில்லாதவர்

கலினான், தவாவோ
மார்ச் 6, 2023

அன்புத் தங்கச்சி பெர்பெத்துவாவுக்கு,

அண்ணன் அனக்லெத்தோ எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மகள் லூர்தித்தா பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுகிறாள். ஆகவே முழு நலம் இல்லை என்று வைத்துக்கொள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தீவில் காற்று அடங்கியதா? போனில் சொன்னால் உன் காதில் விழாது. விழுந்தாலும், முப்பது வருஷம் தபாலாபீஸில் உட்கார்ந்தவள் நீ, காகிதத்தில் வராததைச் செய்தியாக மதிக்க மாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு மாதமாகப் பம்ப்ளிமாஸ் தோப்பில் நாலு மரம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கை எங்கே இடித்தாலும் நீலம் பாரித்தது. லூர்தித்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையும் எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோயாம், அதிலும் வேகமாக முற்றுகிற வகை. பயப்படாதே. நோய் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் டாக்டர் மேல்.

டாக்டர் மக்பனுவா என்று ஒரு பெண். என் தோள் உயரம்கூட இல்லை. என்னை நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னாள். மூன்று வார்த்தை சொல்லி, கால் மணி கழித்துத் திருப்பிக் கேட்டாள். இதயத்தைப் படம் பிடித்தாள். கடைசியில் சொல்கிறாள்: "ஐயா, இதுக்குப் பெரிய மருந்துன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலயே வச்சுக் குடுக்கிறது. உங்க வயசுக்கும் உங்க இதயத்துக்கும் அது தாங்காது. சின்ன மருந்து குடுக்கிறேன்."

தாங்காது என்றால் என்ன அர்த்தம்? லாயக்கில்லை என்றுதானே? எழுபத்தெட்டு வயதிலும் மூட்டையைத் தூக்கி லாரியில் போடுகிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? சட்டையைக் கழற்றி அவள் மேசைக்கு முன்னாலேயே பதினொரு தண்டால் எடுத்துக் காட்டினேன். அவளே வாய்விட்டு எண்ணினாள்.

உன் மகன்களுக்கு என் ஆசிகள்.

அண்ணன்,
அனக்லெத்தோ

பி.கு.: அத்தை, இரண்டு தண்டால். மூன்றாவதுக்குக் கீழே போனவர் மேலே வரவில்லை. நானும் நர்சும் சேர்ந்து தூக்கினோம். மூட்டை தூக்கினது 2009-இல். கடிதத்தைத் தபாலில் போடுவது நான்தான் என்பதை அப்பா மறந்துவிட்டார். - லூர்தித்தா


பாஸ்கோ, பதானெஸ்
மார்ச் 14, 2023

அண்ணாவுக்கு வணக்கம்.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைகள் லினோவும் மொதெஸ்தோவும் நலம். பறக்கும் மீன் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. கருவாடு அனுப்ப நினைத்தேன். பிறகு, இந்த நோய்க்கு அதெல்லாம் ஆகுமா என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நோயைப் பற்றி ஏழு வரி, தண்டாலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரியிலும் பொய்.

அந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள். சின்ன மருந்து என்றால் சின்ன மருந்து. பெரியது வேண்டும் என்று வாயைத் திறக்கக் கூடாது. நான் சொல்கிறேன், அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம். உங்களை இதுவரை எதிலாவது நான் தப்பாக வழிநடத்தியிருக்கிறேனா? (அந்தப் பன்றி வியாபாரத்தை விட்டுவிடுங்கள்.)

உடனே பதில் போடவும். ஊர்ப்பெயரைத் தெளிவாக எழுதவும். போன கடிதத்தில் "பாஸ்கோ" என்பது "பாக்கோ" போல இருந்தது. நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தங்கை,
பெர்பெத்துவா


கலினான்
மார்ச் 21, 2023

பா ஸ் கோ வில் இருக்கும் என் தங்கச்சிக்கு,

எழுத்து தெளிவாக இருக்கிறதா? நல்லது. என் பசி பரவாயில்லை. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். யாரோ இளவட்டத்தின் ரத்தம் போலிருக்கிறது, அன்று மாலையே நான் வளர்க்கிற சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு தோப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

வேறொரு டாக்டரிடமும் போனேன். அவர் ஆண், நல்ல உயரம், நரைத்த மீசை. மனிதர் விவரமானவராக இருப்பார் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, அதே மூன்று வார்த்தையைக் கேட்டார். இந்தத் தடவை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அவர் சொல்லி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

பெர்பெத்துவா, எனக்கு ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. இருக்கிற நோய் பெரியது. அதற்குச் சின்ன மருந்து கொடுத்தால், இந்தக் கிழவனுக்கு இது போதும் என்றுதானே அர்த்தம்? உன் வீட்டுக்காரர் சில்வெஸ்த்ரே மச்சானை நினைத்துப் பார். மணிலாவுக்கு இதயத்தைக் காட்டப் போனார், அங்கேயே இதயம் நின்று ஒரே நொடியில் போய்விட்டார். மருந்து, ஊசி என்று யாரிடமும் கெஞ்சவில்லை. அவர் இன்று இருந்தால் என் முதுகில் தட்டி, "பெரியதையே கேள் மாப்பிள்ளை" என்றுதான் சொல்லியிருப்பார்.

அண்ணன்,
அனக்லெத்தோ

பி.கு.: அத்தை, இது காத்திருக்கிற நோய் இல்லை என்கிறார் டாக்டர். ஏப்ரல் மூன்றாம் தேதி திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். "பெரியதைக் குடு, இல்லேன்னா ஒண்ணும் வேணாம்" என்று உட்கார்ந்திருக்கிறார். நான் அழுதால் எழுந்து சேவலுக்குத் தீனி போடப் போய்விடுகிறார். நீங்கள் சொன்னால்தான் உண்டு. - லூ.


பாஸ்கோ
மார்ச் 28, 2023

அண்ணா,

நம் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி நாளைக்கு விமானத்தில் தவாவோ வருகிறாள். தபாலை நம்பாமல் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்புவது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. உறையை ஒட்டியிருக்கிறேன். நீங்கள் மட்டும் படிக்கவும்.

சில்வெஸ்த்ரேக்கு இதயம் நின்றது உண்மை. அது ஏன் நின்றது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாக என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு வந்ததும் உங்கள் நோய்தான்.

மணிலா டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, பெரிய மருந்துக்கு இவரோட இதயம் ஈடு குடுக்காது. லேசா ஒண்ணு குடுத்துப் பாக்கலாம், இல்லேன்னா ரத்தம் மட்டும் ஏத்திக்கிட்டு வீட்ல இருக்கலாம்." சில்வெஸ்த்ரே என் முகத்தைப் பார்த்தார். நான்தான் பேசினேன். "எங்க வீட்டுக்காரர் புயல்ல படகு ஓட்டினவரு. லேசான மருந்தெல்லாம் லேசான ஆளுங்களுக்குக் குடுங்க. இவருக்குப் பெருசையே குடுங்க" என்றேன். உங்கள் பேச்சேதான், அண்ணா. ஒரு வார்த்தை மாறவில்லை. அவர் சரி என்று தலையாட்டினார். காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

அந்த டாக்டர் மேல் தப்பில்லை. மருந்து மேலும் தப்பில்லை. அது ஒத்துக்கொள்கிற உடம்புகளைக் காப்பாற்றுகிறது என்று அதே வார்டில் கண்ணால் பார்த்தேன். ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் படித்துப் படித்துச் சொல்லியும், என் வீம்புக்காக அதைக் கேட்டு வாங்கியது நான்.

இனி உங்கள் இஷ்டம்.

பெர்பெத்துவா


கலினான்
ஏப்ரல் 10, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

என் உடம்பு பரவாயில்லை. உன் உடம்பை நீ பார்த்துக்கொள்.

சின்ன மருந்து ஆரம்பித்தாயிற்று. ஏழு நாள், தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி. நேற்றோடு முதல் ஏழு முடிந்தது. என் வயிறு இப்போது அம்மை வந்த பலாப்பழம் மாதிரி இருக்கிறது. கூடவே மாத்திரை. முதல் நாள் கொஞ்சம், மறுநாள் அதைவிட, மூன்றாம் நாள் முழுசு என்று ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க வைத்து, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். நோய் செல்கள் ஒரேயடியாகச் செத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதியாம். "ஏம்மா, சின்ன மருந்துக்கே இந்தக் காவலா?" என்று கேட்டேன். "சின்னதுன்னு நான் சொன்னது உங்க உடம்புக்கு, ஐயா. நோய்க்கு இல்லை" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரிகிறது.

இப்போது ஒரு கொடுமையைக் கேள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவன் பம்ப்ளிமாஸைத் தொடக் கூடாதாம்! அந்தப் பழம் உடம்பில் மருந்தைத் தேக்கி வைத்து விஷமாக்கிவிடுமாம். நான் சொன்னேன், "டாக்டர், நானூற்றுப் பன்னிரண்டு மரம் வச்சிருக்கேன்." "வச்சுக்கோங்க. சாப்பிடாதீங்க" என்றாள். பச்சை மீனைக் காடியில் ஊறவைத்துத் தின்பதும் கூடாது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. சேவலைத் தொடக் கூடாது. நான் எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆசிரியை கொடுத்த கடிதத்தை லூர்தித்தாவிடம் காட்டவில்லை. படித்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

அண்ணன்,
அனக்லெத்தோ

பி.கு.: அத்தை, நீங்கள் என்ன எழுதினீர்களோ தெரியாது. படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கத் தோப்பில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் "எப்ப ஊசி?" என்று கேட்டார். இப்போது வியாபாரி வந்தால் பழத்தை நான் தின்று காட்ட வேண்டியிருக்கிறது. "இனிக்குதுப்பா" என்றால், "இனிக்குதுன்னா எப்படி இனிக்குது? முதல்ல இனிக்குதா, கடைசியில இனிக்குதா? நாக்கா அது, செருப்பா?" என்கிறார். - லூ.


கலினான்
ஏப்ரல் 27, 2023

அன்புள்ள அத்தைக்கு,

லூர்தித்தா எழுதுவது. இந்தத் தடவை அப்பா எழுதவில்லை, நான்தான் எழுதுகிறேன். உங்கள் முழங்காலை விசாரிக்கச் சொன்னார்.

மருந்து ரத்த அணுக்களை ரொம்பக் குறைத்துவிடும், அந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வியாழக்கிழமை அப்பா சோர்ந்து கிடந்தார். காய்ச்சல் பார்த்தால் இல்லை என்று காட்டியது. மறுபடி பார்த்தேன், அப்போதும் இல்லை. பிறகுதான் பார்க்கிறேன், தலையணைக்குப் பின்னால் ஒரு டம்ளர் ஐஸ். நான் கருவியை எடுக்கப் போகிற நேரம் பார்த்து ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்! அக்குளில் வைத்தேன். முப்பத்தொன்பதைத் தாண்டியது. "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன். "கூண்டைக் கழுவினேன்னு தெரிஞ்சா திட்டுவியே" என்றார். யாருக்கும் தெரியாமல் சேவல் கூண்டைக் கழுவியிருக்கிறார், அத்தை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் மருந்து நரம்பில் ஏறியது. இரண்டு நாள் ரொம்ப மோசம். என்னை என் அம்மா என்று நினைத்துப் பேசினார். இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று நர்சிடம் கஞ்சி சரியில்லை என்று சண்டை போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

மருமகள்,
லூர்தித்தா


பாஸ்கோ
மே 5, 2023

லூர்தித்தாவுக்கு ஆசிகள்.

அந்தச் சேவலைக் குழம்பு வைத்துவிடு. நன்றாக வேக வைத்தால் அவருக்கும் கொடுக்கலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்.

சில்வெஸ்த்ரேயை மணிலாவிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த நாளிலிருந்து நான் விமானத்தில் ஏறவில்லை. வருகிற புதன்கிழமை ஏறுகிறேன். வரலாமா என்று கேட்டு எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிட்டால், வந்ததும் என் கையில் கொடு, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அத்தை


கலினான்
ஜூன் 19, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

நீ நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நான் நலம். நீ இருந்த மூன்று வாரமும் நான் நலமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடுக்களையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று இன்னும் எங்களுக்குப் புரியவில்லை. உப்பு ஜாடி நேற்றுத்தான் அகப்பட்டது, என் உள்ளாடை அலமாரியில். சேவல் விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

இரண்டாம் சுற்று முடிந்து மஜ்ஜை பார்த்தார்கள். முதலில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு கெட்ட செல் இருந்தது. இப்போது மூன்று. டாக்டர் மக்பனுவா தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்திக் காட்டினாள். நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை, ஏழு நாள் ஊசி மாதாமாதம் தொடரும் என்றாள். "எத்தனை நாளைக்கு?" என்றேன். "அது வேலை செய்யிற வரைக்கும்." "எத்தனை நாள் வேலை செய்யும்?" "சிலருக்கு மாசக் கணக்கு. சிலருக்கு வருஷக் கணக்கு. உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது, ஐயா." தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

லூர்தித்தாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, உன் விஷயத்தையும் பெயர் சொல்லாமல் கேட்டேன். லேசானதைக் கொடுத்திருந்தால் அவருக்குச் சில மாதம் கிடைத்திருக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போயிருக்கலாம், இப்போது இருக்கிற இந்த மாத்திரை அன்று இல்லை என்றாள்.

மூன்று வாரம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டுச் சொல்கிறேன், பெத்தாங், உன் பிள்ளைகளிடம் சொல்லிவிடு.

அண்ணன்,
அனக்லெத்தோ


பாஸ்கோ
ஜூலை 12, 2023

அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். மூன்று என்ற எண்ணைக் கேட்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மழை பிடித்துக்கொண்டது. கூரைப்புல் மாற்ற வேண்டும். வடக்குப் பக்கம் சரிந்திருக்கிறது, தெற்குப் பக்கம் தேவலை. வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நீளமாக விளைந்திருக்கிறது, ஆனால் நார் அதிகம். பக்கத்து வீட்டு ஆடு மறுபடி வந்தது. ஆட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

தங்கை,
பெர்பெத்துவா


கலினான்
ஆகஸ்ட் 2, 2023

தங்கச்சிக்கு,

நலம். நாலாம் சுற்று நடக்கிறது. மலச்சிக்கல் மட்டும்தான் தொந்தரவு. கூரையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆடு நலமா?

சொன்னாயா?

அனக்லெத்தோ


பாஸ்கோ
செப்டம்பர் 4, 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் வலிக்கிறது. காரணம் கடைசியில் வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். லினோ இரண்டாம் தட்டுச் சோறு போட்டுக்கொண்டான், மூன்றாம் தட்டும் போட்டுக்கொண்டான். பொறுக்க முடியாமல் நடுவிலேயே சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், எல்லாம். மொதெஸ்தோ அழுதுவிட்டான். லினோ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "தெரியும்மா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"எல்லாந்தான். முதல் வாரம் நான் மணிலாவுக்கு வந்து பாத்தேன்ல? நீங்க வெளிய போயிருந்தப்ப அப்பா சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்கிறதுக்கு முன்னாடியே, அவரு தனியாப் போயி அந்த டாக்டரைப் பாத்துட்டாராம். தாங்காதுன்னு அப்பவே சொல்லிட்டாங்களாம். 'தெரியும், இருந்தாலும் பெருசுதான் வேணும், வீட்ல படுத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது'ன்னு முடிவாச் சொல்லிட்டுத்தான் வந்தாராம். மறுநாள் உங்ககிட்ட ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தாராம்."

"அப்புறம் எதுக்குடா என் முகத்தைப் பாத்தாரு?"

லினோ முள்ளைக் கீழே வைத்தான். "'உங்கம்மாவுக்கு எல்லாத்தையும் தானே முடிவு பண்ணாத்தான் திருப்தி. அதான் அவளையே முடிவு பண்ண விட்டேன்'னாரு. 'அவகிட்ட சொல்லிராதே, மனசு கஷ்டப்படுவா'ன்னும் சொன்னாரு."

"பதினொரு வருஷமா ஏண்டா சொல்லலை?"

"நீங்க இதயம்னு சொன்னீங்க. நீங்க சொன்னா அதுல மறுபேச்சு ஏதும்மா?"

அண்ணா, குடையை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். மேட்டில் ஏறும்போதுதான் முழங்கால் பிசகியது. அந்த மனிதரை நிற்க வைத்துக் கேட்பது போல் கேட்டேன். கல்லறைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பதினொரு வருஷம் இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன், இவர் இங்கே நிம்மதியாகப் படுத்திருக்கிறார்! கத்தி முடித்த பிறகு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மழை நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்து யோசித்தேன். நான் சோற்றுப் பானையை இடதுபுறம் வைத்தால் அவர் வலதுபுறம் வைப்பார். நான் வெயில் என்றால் அவர் மழை என்பார். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், ஒருவரிடம் ஒருவர் கேட்காமலே நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி முடிவு செய்தது இந்த ஒரு விஷயத்தில்தான், அண்ணா.

ஊசிக்கு நேரத்துக்குப் போகவும்.

தங்கை,
பெர்பெத்துவா